ஜீப்பின் தடத்தில் வந்த பெட்டி

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் ஓட்டிய ஜீப்பின் கதையைப் பலரும் பலமுறை எழுதிவிட்டார்கள். அதன் பின்னால் மாட்டப்பட்டு ஓடிய இரண்டு சக்கரப் பெட்டியை யாரும் அதிகம் பொருட்படுத்தவில்லை. இன்று அமெரிக்காவின் மேற்குப் பாலைகளிலும் மலைக்காடுகளிலும், சாலை முடிந்த இடத்துக்கு அப்பாலும் கூடாரத்தையும் அடுப்பையும் தண்ணீரையும் சுமந்துகொண்டு சிறிய டிரெய்லர்கள் போகின்றன. அவற்றின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் அந்தப் பெட்டியில்தான் போய் நிற்கவேண்டியிருக்கும். ராணுவம் கழித்த டிரெய்லரை வாங்கி முகாம் வண்டியாக மாற்றும் பழக்கம் அங்கே ஏன் வேரூன்றியது என்று கேட்டால், மலிவு என்பார்கள், உறுதி என்பார்கள். இரண்டும் உண்மைதான், ஆனால் இரண்டும் போதாது. மலிவான டிரெய்லர்கள் அமெரிக்காவில் எப்போதும் கிடைத்தன. உறுதியான ராணுவ டிரெய்லர்களிலும் பல வகை இருந்தன. அவற்றுள் ஒரு குடும்பம் மட்டும் முகாம் டிரெய்லருக்கு முன்மாதிரியானது. அதற்குக் காரணம் போர்க்கால வடிவமைப்பாளர்கள் கடைப்பிடித்த ஒரு நிபந்தனை: இழுக்கும் வண்டியின் சக்கரம் பதிந்த தடத்திலேயே டிரெய்லரின் சக்கரமும் பதியவேண்டும்.

பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் நகரில் இருந்த அமெரிக்கன் பேண்டம் என்ற சிறிய கார் நிறுவனம்தான் ஜீப்பின் முதல் மாதிரியைச் செய்தது. 1940 செப்டம்பர் 23 அன்று அதை மேரிலாந்தில் இருந்த ஹோலபேர்ட் ராணுவத் தளத்தில் ஒப்படைத்தது. ஆனால் லட்சக்கணக்கில் வண்டி செய்து தரும் வசதி பேண்டத்துக்கு இல்லை என்று ராணுவம் கருதியது. பெரிய ஒப்பந்தங்கள் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயின. அவை இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைத் தயாரித்தன. பேண்டம் செய்தது மூவாயிரத்துக்கும் குறைவு. தான் உருவாக்கிய வண்டியை இழந்த அந்த நிறுவனத்துக்கு, அந்த வண்டி இழுக்கவேண்டிய கால் டன் டிரெய்லரைச் செய்யும் வேலை கிடைத்தது. டி-3 என்று பெயரிடப்பட்ட அந்த டிரெய்லர் பல்லாயிரக்கணக்கில் தயாரானது. இதை ஆறுதல் பரிசு என்று ஒதுக்குவது தவறு. ஜீப்பை நன்றாக அறிந்தவர்கள் அதற்கென்றே செய்த பொருள் என்பதை அதன் ஒவ்வொரு பாகமும் காட்டுகிறது. ஜீப்பின் அதே 16 அங்குலச் சக்கரம், அதே 6.00-16 டயர், சக்கரங்களுக்கு இடையே அதே 49 அங்குல அகலம். முன் சக்கரமும் பின் சக்கரமும் அமுக்கிவிட்டுப் போன சேற்றில் டிரெய்லர் சக்கரம் மூன்றாவதாகப் போகிறது. புதுத் தடம் வெட்டவேண்டியதில்லை, இழுவை குறைகிறது. ஜீப் நுழைந்த இரண்டு பாறைகளுக்கு நடுவே டிரெய்லரும் நுழைந்துவிடும். வழியில் டயர் வெடித்தால் எந்தச் சக்கரத்தையும் எங்கும் மாட்டலாம், ஒரே மாற்றுச் சக்கரம் இரண்டுக்கும் போதும். பெட்டி நீர் புகாதபடி செய்யப்பட்டிருந்ததால் ஆற்றைக் கடக்கும்போது சுமையோடு மிதக்கும். உள்ளே தங்கிய நீரை வெளியேற்ற அடித்தளத்தில் திருகு மூடிகள் இருந்தன. இழுவைக்கம்பியின் முனையில் இருந்த இரும்பு வளையம் ஜீப்பின் கொக்கியில் தளர்வாக விழுந்து பூட்டிக்கொள்ளும். பள்ளத்தில் ஜீப் ஒரு பக்கமும் டிரெய்லர் மறுபக்கமும் சாய்ந்தாலும் இணைப்பு முறுக்கிக்கொள்ளாது. ஓடும்போது பிடிக்கும் பிரேக் கிடையாது. நிறுத்திவைக்கக் கைப்பிரேக் மட்டும் உண்டு. வெறும் எடை சுமார் 550 பவுண்டு, சுமை 500 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 227 கிலோ. அந்த 500 பவுண்டு கரடுமுரடான தரைக்கான கணக்கு. நல்ல சாலையில் அதற்கும் மேல் தாங்கும்.

போர் முடிவதற்கு முன்பே மிச்சப் பொருள்களை என்ன செய்வது என்ற கவலை அமெரிக்க அரசுக்கு வந்துவிட்டது. உபரிச் சொத்துச் சட்டம் 1944 அக்டோபர் 3 அன்று கையெழுத்தானது. 1946-இல் போர்ச் சொத்து நிர்வாகம் என்ற அமைப்பு விற்பனையை ஏற்றது. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு முன்னுரிமை இருந்தது. பெட்டியில் பிரிக்காமல் இருக்கும் ஜீப் 50 டாலருக்குக் கிடைக்கும் என்ற கதை பல ஆண்டுகள் பத்திரிகை விளம்பரங்களில் உலவியது. காசு அனுப்பியவர்களுக்கு வந்து சேர்ந்தது ஜீப் அல்ல, அரசு விற்பனை பற்றிய தகவல் ஏடு. டிரெய்லருக்கு அப்படி ஒரு புராணம் தேவைப்படவில்லை. அது பண்ணைகளுக்குப் போனது, உரமும் வேலிக்கம்பியும் சுமந்தது. பேண்டமும் டி-3சி என்ற பெயரில் பொதுமக்களுக்கான வடிவத்தை விற்றது. பண்ணை வேலைக்கு வாங்கியதை இலையுதிர்காலத்தில் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் கொண்டுபோனதில் வியப்பில்லை. கூடாரத்தையும் சமையல் சாமான்களையும் பெட்டியில் போட்டு மேலே தார்ப்பாய் கட்டினால் முடிந்தது. 1953-இல் கலிபோர்னியாவின் ஜார்ஜ்டவுன் ஊரிலிருந்து மார்க் ஸ்மித்தும் ஊர்க்காரர்களும் ரூபிகன் பாதைவழியே ஜீப்புகளைக் கூட்டமாக அழைத்துச் சென்றபோது, ஜீப்பில் போய் முகாமிடுவது ஒரு பொழுதுபோக்காகவே உருப்பெற்றுவிட்டது.

ராணுவம் இந்த வடிவத்தைக் கைவிடவில்லை. கொரியப் போர்க் காலத்தில் எம்38 ஜீப்புக்கு எம்100 டிரெய்லர் வந்தது; 1960-களில் எம்151 வண்டிக்கு எம்416 வந்தது. இந்த எம்416-தான் பின்னாளில் முகாம் விரும்பிகளின் கையில் அதிகம் புழங்கியது. அதற்குக் காரணமான ஒரு திருப்பத்தைச் சொல்லாமல் விட முடியாது. எம்151 தனித்தனியாக அசையும் சக்கர அமைப்பைக் கொண்டது. வளைவில் வேகமாகத் திருப்பினால் கவிழும் என்று பெயர் வாங்கியது. பொதுச்சாலைக்கு அது ஆகாது என்று அமெரிக்க அரசு தீர்மானித்ததால், கழித்த எம்151-களை முழு வண்டியாக விற்காமல் துண்டாக வெட்டித்தான் விற்றார்கள். டிரெய்லருக்கு அந்தத் தடை இல்லை. இழுத்த வண்டி இரும்புக்கடைக்குப் போக, இழுபட்டது முழு உடலோடு ஏலத்துக்கு வந்தது. 1980-களின் நடுவிலிருந்து ஹம்வி என்ற புதிய வண்டி ராணுவத்தில் சேர்ந்து பழைய வண்டிகளை வெளியேற்றியபோது எம்416-கள் பெரிய அளவில் கழிக்கப்பட்டன. அதே பத்தாண்டில்தான் நான்கு சக்கர விசை கொண்ட சொந்த வண்டிகள் அமெரிக்கக் குடும்பங்களில் பெருகின. வாங்குவோரும் பொருளும் ஒரே காலத்தில் சந்தித்துக்கொண்டன.

இனி, மாற்றியவர்கள் எதை மாற்றினார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள் என்று பார்க்கவேண்டும். என் கூற்றுக்கு வலுவான சான்று அங்கேதான் இருக்கிறது. 24 வோல்ட் ராணுவ விளக்குகளைக் கழற்றி 12 வோல்ட் விளக்கு போட்டார்கள். சுமைக்கேற்றபடி விறைப்பாக இருந்த பட்டைவில்லில் ஒன்றிரண்டு தகட்டை எடுத்து மென்மையாக்கினார்கள். தார்ப்பாய்க்குப் பதில் கீல் வைத்த மூடி அமைத்து, தூசி புகாதபடி ரப்பர் ஓரம் கொடுத்தார்கள். இழுவைக்கம்பியின் மேல் தண்ணீர் கேன்களும் எரிவாயு உருளையும் பூட்டும் பெட்டியும் ஏறின. பின்னால் கதவு இல்லாதது பெரிய குறை. சிலர் பின்பக்கத் தகட்டை வெட்டிக் கதவு வைத்தார்கள். ஆனால் வெட்டினால் பெட்டியின் விறைப்பும் போகும், நீர் புகாத தன்மையும் போகும் என்பதை உணர்ந்த பலர், மேலிருந்தே எடுக்கும்படி சமையல் பெட்டிகளை அடுக்கினார்கள். பெட்டிக்கு மேல் சட்டம் எழுப்பி அதன்மேல் மடக்குக் கூடாரத்தை ஏற்றினார்கள்; அதனால் கனமையம் உயர்கிறது என்பதால், ஓடும்போது தாழ்த்தி நின்றபின் உயர்த்தும் சட்டங்கள் வந்தன. கொக்கியும் வளையமும் கடகடவென்று ஓசை எழுப்புவதால் பலர் அதையும் நீக்கினார்கள், ஆனால் சாலை டிரெய்லருக்குப் போடும் சாதாரண குமிழ் இணைப்பைப் போட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் முறுக்கிலும் அசையும் இணைப்பைத் தேடிப் பிடித்தார்கள். பொருள் மாறியது, வேலை மாறவில்லை. சக்கர அகலம், டயரின் உயரம், தாழ்ந்த பெட்டி, குறுகிய உடல், முறுகும் இணைப்பு ஆகிய ஐந்தையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள்.

இன்னும் கூர்மையான சான்று சக்கரத்தின் நட்டுகளில் இருக்கிறது. போர்க்கால ஜீப்பிலும் அதன் வழிவந்த சிஜே வகை ஜீப்புகளிலும் ஐந்தரை அங்குல வட்டத்தில் ஐந்து நட்டு, எம்416-இலும் அதுவே. ஆகவே சிஜே வைத்திருந்தவருக்கு ராணுவ டிரெய்லர் அப்படியே பொருந்தியது. சிஜேக்குப் பின் 1986-இல் அறிமுகமான ராங்ளர் ஜீப்பில் அந்த வட்டம் நாலரை அங்குலமாகக் குறைந்தது. அதோடு பொருத்தம் முறிந்தது. மலிவுதான் முதற்காரணம் என்றால், ராங்ளர்காரர்கள் டிரெய்லருக்குத் தனிச் சக்கரம் போட்டுக்கொண்டு செலவில்லாமல் போயிருப்பார்கள். பலர் அப்படிச் செய்யவில்லை. நல்ல நிலையில் இருந்த ராணுவ அச்சைக் கழற்றிவிட்டு, தங்கள் வண்டியின் அகலத்துக்கும் நட்டு வட்டத்துக்கும் ஏற்ற புதிய அச்சைக் காசு கொடுத்துச் செய்வித்தார்கள். ராணுவம் இலவசமாகத் தந்திருந்த பொருத்தம் போனபோது அதை விலைகொடுத்து மீட்டிருக்கிறார்கள். எது முக்கியம் என்று அவர்கள் நினைத்தார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

அளவில் பெரிய ராணுவ டிரெய்லர்களின் கதி இதை மறுபக்கத்திலிருந்து உறுதிசெய்கிறது. முக்கால் டன் எம்101, ஹம்விக்கான எம்1101, எம்1102 ஆகியவையும் உபரியாக ஏலத்துக்கு வந்தன. உறுதியில் அவை குறைந்தவை அல்ல, கொள்ளளவில் பல மடங்கு பெரியவை. ஆனால் ஹம்வியின் தடம் ஏறக்குறைய ஆறடி அகலம். அந்த டிரெய்லரை ராங்ளரின் பின்னால் மாட்டினால் அதன் சக்கரங்கள் வண்டியின் தடத்துக்கு வெளியே, ஓட்டுநர் பார்க்காத பாறைகளின் மேல் ஏறும். ஆகவே அவை பெரிய பிக்கப் வண்டிகளின் பின்னால் போய்ச் சேர்ந்தன.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் மூன்று முக்கியமானவை. முதலாவது, கார் முகாமும் கூடார டிரெய்லரும் போருக்கு முன்பே இருந்தனவே என்பது. உண்மை. 1910-களிலேயே அமெரிக்காவில் மடக்குக் கூடாரம் பொருத்திய டிரெய்லர்கள் விற்பனையில் இருந்தன. டின் கேன் டூரிஸ்ட்ஸ் என்ற கார் முகாம் சங்கம் 1919-இல் ஃபுளோரிடாவின் டாம்பாவில் தொடங்கியது. ஆனால் அந்த மரபு சாலையோடு வளர்ந்தது; சாலை மேம்பட மேம்பட டிரெய்லர் பெருத்து, நடமாடும் வீடானது. சாலையை விட்டு விலகிய கிளைக்கு அந்த மரபில் வேர் இல்லை. இரண்டாவது, ராணுவ டிரெய்லர் முகாமுக்கு உண்மையில் பொருத்தமற்றது, விறைப்பு, ஓசை, கதவின்மை எல்லாம் தொல்லை என்பது. இதுவும் உண்மை, ஆனால் இந்தக் குறைகள் எல்லாம் ஒரு வெல்டிங் கருவியும் சில விடுமுறை நாள்களும் இருந்தால் தீர்பவை. சக்கர அகலமும் இணைப்பும் அடிப்படையில் தவறாக இருந்தால் எந்தக் கொட்டகையிலும் எளிதில் சரியாகாது.

மூன்றாவது எதிர்வாதம்தான் கடினமானது. ஆஸ்திரேலியர்கள் பண்ணையில் புழங்கும் பெட்டி டிரெய்லரிலிருந்து தங்கள் கரடுமுரடுப் பாதை முகாம் டிரெய்லரை உருவாக்கினார்கள்; அவர்களும் டிரெய்லரின் சக்கரமும் அகலமும் இழுக்கும் வண்டியோடு ஒத்திருக்கவேண்டும் என்ற முடிவுக்கே வந்தார்கள். அப்படியானால் இந்த நிபந்தனையைக் கற்பித்தது தரையே தவிர ராணுவம் அல்ல என்று வாதிடலாம். இதை நான் பெருமளவு ஏற்கிறேன். பாறையும் மணலும் யாருக்கும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. ஆனால் அமெரிக்காவில் அந்தப் பாடத்தை ஒவ்வொருவரும் அச்சு உடைத்துக் கற்கவேண்டியிருக்கவில்லை. சரியான விடை பல்லாயிரக்கணக்கில், ஆலிவ் பச்சை வண்ணத்தில், ஏலக் களத்தில் நின்றது. அதைக் கண்டுபிடித்த பெருமையை ராணுவத்துக்குத் தரவேண்டாம்; அதைப் பரப்பிய பங்கை மறுக்கவும் முடியாது. 2000-க்குப் பின் தொழிலாக முளைத்த முகாம் டிரெய்லர் நிறுவனங்கள் சிறிய மூடிப் பெட்டியையும், வண்டியோடு ஒத்த சக்கரத்தையும், எல்லாத் திசையிலும் அசையும் இணைப்பையும் விற்பனைச் சிறப்புகளாகச் சொல்கின்றன. அவை கொட்டகைகளில் ஏற்கெனவே தீர்மானமாகியிருந்தவை.

இந்த வரலாறு இப்போது ஒரு பக்கம் அழிந்துகொண்டிருக்கிறது. போர்க்கால ஜீப்புகளை மீட்டெடுப்போர் டி-3 டிரெய்லர்களையும் தேடி வாங்குகிறார்கள். மூடியையும் சட்டத்தையும் அறுத்தெறிந்து, துளைகளை அடைத்து, 1943-இல் எப்படி இருந்ததோ அப்படி வண்ணம் பூசுகிறார்கள். அவர்களுடைய உழைப்பு மதிக்கத்தக்கது. ஆனால் ராணுவத்தில் சில ஆண்டு ஓடிய ஒரு டிரெய்லர் பண்ணையிலும் மலையிலும் அறுபது ஆண்டு ஓடியிருக்கலாம். அதன் உடலில் இருக்கும் வெல்டிங் தழும்புகள் அந்த அறுபது ஆண்டின் ஆவணம், வேறு எங்கும் அவை எழுதப்படவில்லை. டி-3 இன்னும் போதிய எண்ணிக்கையில் இருக்கிறது. எல்லாவற்றையும் போர்க்களத்துக்குத் திருப்பி அனுப்பவேண்டியதில்லை. அறுக்கும் முன் படமெடுத்து அளந்து குறித்துவையுங்கள். நன்றாக மாற்றப்பட்டவற்றில் சிலவற்றையாவது மாற்றிய நிலையிலேயே விட்டுவையுங்கள்.