பெயர் சொல்லும் சட்டகங்கள்

பழைய துவிச்சக்கர வண்டியொன்று கொட்டிலின் மூலையிற் கிடக்கின்றது. பூச்சு உரிந்துவிட்டது, செய்தவர் பெயரைத் தாங்கிய தகடு எப்போதோ கழன்று வீழ்ந்துவிட்டது. அதனைச் செய்தவர் யாரெனக் கண்டறிய வழியுண்டா? பலவேளைகளில் உண்டு. எழுதிய பெயர் அழிந்தாலும் குழாய்கள் அழிவதில்லை. அவை வளைந்திருக்கும் வளைவும், இணைந்திருக்கும் முறையும் செய்தவரின் கையொப்பமாக நிற்கின்றன.

இங்கிலாந்தின் கொவென்றி நகரில் 1885ஆம் ஆண்டு யோன் கெம்ப் ஸ்ராலி என்பார் 'ரோவர்' வண்டியை வெளியிட்டார். அதன் வழிவந்த வண்டிகளிற் சில ஆண்டுகளுக்குள் சாய்சதுரச் சட்டகம் நிலைபெற்றது. முன்னொரு முக்கோணம், பின்னொரு முக்கோணம். இருக்கைக் குழாய் இரண்டுக்கும் பொது. உறுதி, இலேசு, மலிவு ஆகிய மூன்றும் அதிற் பொருந்தியிருந்தன. ஆதலால், அவ்வடிவை விட்டு விலகிய ஒருவருக்கு அதற்கென ஒரு காரணம் இருந்திருத்தல் வேண்டும். அக்காரணத்தைத் தேடுவதே வண்டியை இனங்காணும் முதற்படியாகும்.

மிக்கேல் பெடர்சன் என்ற டென்மார்க் நாட்டவரை எடுத்துக்கொள்வோம். குளொஸ்ரசயர் மாவட்டத்திலுள்ள டேர்ஸ்லி என்னும் சிற்றூரிற் குடியேறிய அவர், 1893இல் தம் வண்டிக்கு ஆக்கவுரிமை கோரினார். அவர் முதலிற் சிந்தித்தது சட்டகத்தையன்று, இருக்கையையே. கயிற்றுப் பின்னலால் ஊஞ்சல்போலத் தொங்கும் இருக்கையொன்றை அவர் அமைத்தார். அதைக் கட்டித் தொங்கவிட முன்னும் பின்னும் இரு முனைகள் தேவைப்பட்டன. சாய்சதுரச் சட்டகத்தில் அவை இல்லை. ஆகவே, மெல்லிய குழாய்களை இணையிணையாக வைத்து, இரும்புப் பாலங்களிற் காணப்படும் முக்கோணப் பின்னலைப்போலப் புதிய சட்டகமொன்றை எழுப்பினார். பெடர்சன் வண்டியைத் தொலைவிற் கண்டாலும் வேறொன்றென மயங்க இயலாது.

இத்துணை விந்தையில்லாத அடையாளங்களும் உண்டு. ஹம்பர் வண்டியில் முன்சில்லைத் தாங்கும் கவையின் ஒவ்வொரு காலும் இரு மெல்லிய குழாய்களாற் பிரிந்து நின்றது. றலி நிறுவனம் 1932இல் ஹம்பர் சைக்கிளின் உரிமையை வாங்கிய பின்னரும் அந்த இரட்டைக் கவை கைவிடப்படவில்லை. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் றலியும் ஹம்பரும் ஓடிய காலத்திற் பெயரெழுத்தைப் படிக்கத் தேவையிருக்கவில்லை. முன்கவையைக் கண்டதும் "ஹம்பர்" என்று சொல்லிவிடலாம்.

ஆனால், வடிவமே பெயராக மாறிய காலம் 1930ஆம் ஆண்டுகளின் இங்கிலாந்தாகும். பந்தயத்தில் ஓடிய அமெச்சூர் வீரர்கள் எந்த வணிக விளம்பரத்துக்கும் துணைபோகலாகாது என்ற விதி அங்கு கடுமையாக நின்றது. இதனால் அவர்களின் படங்களிலே குழாய்களின் மேலிருந்த பெயர் மறைக்கப்பட்டது. பெரிய தொழிற்சாலைகளுக்கு அது பெருங்குறையன்று. நாளும் நெருப்பின் முன் நின்று ஒருசில சட்டகங்களைச் செய்த சிறு பட்டறைகளுக்கோ அது பிழைப்பைப் பற்றிய வினா. பெயரை மறைக்கலாம், வளைவை மறைக்க முடியுமா?

இரசியாவிலிருந்து வந்து இலண்டனின் ரொட்டன்ஹாம் பகுதியிற் கடை வைத்த ஹைமன் ஹெச்சின் என்பாரின் வண்டிகளில், பின்சில்லைத் தாங்கும் குழாய்கள் அலைபோல வளைந்தன. கிழக்கு இலண்டனின் பேற்ஸ் சகோதரர்கள் நடுவிற் பருத்து நுனியில் மெலியும் குழாய்களையும், இருமுறை வளைந்த முன்கவையையும் அமைத்தனர். பிராட்போட் நகரின் பெயின்ஸ் பட்டறை இருக்கைக் குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, சிறு குழாயொன்றையும் சேர்த்து, பின்சில்லை முன்னோக்கி நெருக்கியது. மக்கள் அதற்கிட்ட பெயர் 'பறக்கும் படலை'.

இவர்கள் அனைவரும் தத்தம் வடிவுக்குப் பொறியியற் காரணமும் கூறினர். வளைந்த குழாய் வீதியின் அதிர்ச்சியைக் குறைக்கும் என்றனர். நெருங்கிய சில்லு விரைவைக் கூட்டும் என்றனர். அவற்றுட் சில இன்றும் வாதத்துக்குரியன. ஆயினும், பார்த்தவுடன் அறியப்படுதல் என்ற பயனை எவரும் மறுக்க இயலாது.

இனங்காண முயல்வோர் ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். ஓர் அடையாளத்தை மட்டும் நம்பலாகாது. ஹெச்சின் நேரான குழாய்களாலும் வண்டி செய்தார். ஆதலின், வடிவைக் கண்டபின் குழாய்கள் கூடும் மூட்டுகளின் வேலைப்பாட்டை நோக்கல் வேண்டும். மிதி அச்சின் அடியிலோ பிறவிடத்திலோ பொறிக்கப்பட்ட இலக்கத்தையும் தேடல் வேண்டும். மூன்றும் ஒத்துவந்தாற் கூற்று உறுதிப்படும்.

பெடர்சனின் முடிவு துயரமானது. தம் வண்டியாற் செல்வம் சேர்க்காத அவர், டென்மார்க்குக்குத் திரும்பி, 1929இல் வறுமையில் இறந்தார். அவரது புதைகுழிக்குப் பெயர்க்கல்லும் இருக்கவில்லை. அவருடைய எச்சங்கள் 1995இல் டேர்ஸ்லிக்குக் கொண்டுவரப்பட்டு, மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டன. கல்லிற் பெயரில்லாதிருந்த அந்நீண்ட காலம் முழுவதும் அவரை உலகுக்கு நினைவூட்டி நின்றவை, முக்கோணங்களாய்ப் பின்னிய அந்த மெல்லிய குழாய்களே.