பறங்கிப்பட்டை: ஒரு கொடியின் பெயரும் சித்த மருத்துவப் பாடல்களின் காலமும்

முன்னுரை

சித்த மருத்துவத்தில் மேகநோய்க்குரிய மருந்துகளுள் ஒன்று பறங்கிப்பட்டை. பட்டை எனப்பட்டாலும் அது மரப்பட்டை அன்று. சீனம், ஜப்பான் முதலிய நாடுகளில் வளரும் ஸ்மைலாக்ஸ் சைனா என்னும் முட்கொடியின் கிழங்கு. இப்பெயர் நூற்கால ஆய்வுக்கு எவ்வாறு சான்றாகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கனியும் கதையும்

பற்றுக்கம்பிகளால் ஏறிப் படரும் இவ்வினக் கொடிகளில் கனிகள் கொத்தாகக் காய்க்கும். மத்தியதரைக் கடற்பகுதியில் வளரும் வகையின் இலையையும் கனியையும் நஞ்சுமுறி எனக் கி.பி. முதல் நூற்றாண்டினரான டயாஸ்கோரிடிஸ் குறிக்கிறார். அவர் காலத்தவரான பிளினி, குரோக்கஸ் என்பவன்மீது கொண்ட காதலால் ஸ்மைலாக்ஸ் என்னும் பெண் இக்கொடியாக மாறிய கதையைச் சொல்லி, அதனால் இக்கொடி சடங்குகளுக்கும் மாலைகளுக்கும் ஆகாதெனக் கருதப்பட்டதைப் பதிவுசெய்கிறார். கண்ணெதிரே கனிந்த கொடிக்கு அங்குக் கதை பிறந்தது. தமிழக மலைகளில் இவ்வினத்தின் வேறு வகைகள் வளரினும், பறங்கிப்பட்டை கடல்வழி வந்த உலர்ந்த கிழங்கேயாகும். அதன் வரலாறு பெயரில் மட்டுமே தங்கியது.

பெயரும் வரவும்

‘பறங்கி’ என்பது அரபு, பாரசீக வழக்குகளின் வழியே வந்து, தமிழில் போர்த்துக்கீசியரையும் பிற ஐரோப்பியரையும் சுட்டிய சொல். 16ஆம் நூற்றாண்டினரான பாவமிச்ரர் தம் பாவப்பிரகாசத்தில் ‘பிரங்க ரோகம்’ என்னும் நோயைக் கூறி, அதற்கு இக்கிழங்கை மருந்தாக்குகிறார். ஐரோப்பாவில் வெசாலியஸ் இக்கிழங்கைப் பற்றிய தம் மடலை 1546இல் வெளியிட்டார். கோவாவில் 1563இல் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் நூலும் இதனை விரிவாகப் பேசுகிறது. தமிழில் அந்நோய் பறங்கிப்புண் எனப்பட்டது.

எனவே, இப்பெயருக்கு இரு விளக்கங்கள் இயலும்: பறங்கியர் கொணர்ந்த சரக்கு என்பது ஒன்று, பறங்கிப்புண்ணுக்குரிய மருந்து என்பது மற்றொன்று. எதனைக் கொள்ளினும், பறங்கியர் வருகைக்குப் பின்னரே இப்பெயர் நிலைபெற்றிருத்தல் வேண்டும்.

முடிவுரை

தொல் சித்தர்கள் பெயரில் வழங்கும் பாடல்களிலும் இச்சொல் காணப்படுகிறது. அப்பாடல்களின் இன்றைய வடிவம் 16ஆம் நூற்றாண்டுக்கு முந்தியது எனக் கொள்ளுதல் அரிது. ஆயினும், ஒரு சொல்லைக் கொண்டு நூல் முழுவதையும் பிற்காலத்தது எனத் தள்ளுதலும் பொருந்தாது. அச்சொல் இடைச்செருகலாகவோ, பழைய மருந்துப் பெயருக்கு மாற்றாகவோ நுழைந்திருக்கலாம். சுவடிகளை ஒப்பிட்டு இத்தகைய சரக்குப் பெயர்களைத் தொகுத்தால், மருத்துவப் பாடல்களின் காலப் படிநிலைகளை வரையறுக்க வழி பிறக்கும்.