டெர்மினல் விசைப்பலகைகள்: காயலான் கடைக்குப் போனவையும் தப்பியவையும்

உங்கள் வீட்டுக் கணினியின் விசைப்பலகையை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். எழுத்தும் எண்ணும் போக, எஸ்கேப், கண்ட்ரோல், பிரேக், சிஸ் ரெக் என்று ஏதேதோ எழுதிய விசைகள் இருக்கும். இவற்றில் பாதியை நாம் தொடுவதே இல்லை. பேரப்பிள்ளைகள் "இது எதுக்கு தாத்தா?" என்று கேட்டால் பதில் சொல்லவும் தெரியாது. இவையெல்லாம் பெர்சனல் கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்பே இருந்தவை. டெர்மினல் என்ற கருவியிடமிருந்து நம் மேசைக்கு வந்த சீதனம் என்று சொல்லலாம்.

டெர்மினல் என்றால் என்னவென்று என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் கணினி ஒன்றுதான். அது குளிரூட்டிய அறைக்குள் பூட்டிக் கிடக்கும். அதனிடம் வேலை வாங்குபவர்கள் வெளியே, ஆளுக்கொரு திரையும் விசைப்பலகையுமாக உட்கார்ந்திருப்பார்கள். திரைக்குச் சொந்த மூளை கிடையாது. தட்டிய எழுத்தைக் கம்பி வழியே உள்ளே அனுப்பும், உள்ளிருந்து வந்த பதிலைக் காட்டும், அவ்வளவுதான். 1973இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 வந்தபோது, மாணவர்கள் துளையிட்ட அட்டைக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டுதான் அதனிடம் போனார்கள். பொதுமக்கள் பலர் முதன்முதலாக டெர்மினலைப் பார்த்தது ரயில்வே முன்பதிவு கவுன்டரில். 1986இல் புது டெல்லியில் தொடங்கிய அந்த ஏற்பாடு பிறகு சென்னை உள்ளிட்ட நகரங்களுக்கும் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் தட்டத் தட்ட, இந்தப் பக்கம் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது மறக்குமா?

அந்த டெர்மினல்கள் இன்று எங்கே? பெரும்பாலானவை எடைக்குப் போய்விட்டன. ஆனால் அவற்றின் விசைப்பலகைகளை மட்டும் உலகம் முழுவதும் பலர் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள், பழுது பார்க்கிறார்கள், மறுபடி ஓட வைக்கிறார்கள். பழைய பிளாஸ்டிக் பலகையில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்கும் முதலில் தோன்றியது. படிக்கப் படிக்க விஷயம் புரிந்தது. ஒவ்வொரு பலகையும் ஒரு சின்னச் சரித்திர ஆவணம்.

முதலில் டெலிடைப் மாடல் 33. 1963இல் அமெரிக்காவில் வெளிவந்த இந்த இயந்திரத்தில் திரையே கிடையாது. கணினி சொல்வதைக் காகிதச் சுருளில் நொடிக்குப் பத்து எழுத்து வேகத்தில் அடித்துத் தரும். விசைகள் முழுக்க இயந்திர வேலை. நம் இன்ஸ்டிட்யூட் ரெமிங்டனைவிட அழுத்தி அடிக்க வேண்டும். யூனிக்ஸ் கட்டளைகள் இரண்டு மூன்று எழுத்தோடு முடிந்துவிடுவதற்கு, அதை எழுதியவர்கள் இந்த டெலிடைப்பில் தட்டிக் களைத்ததுதான் காரணம் என்று சொல்வதுண்டு.

இதன் விசைகளில் 'ரப் அவுட்' என்று ஒன்று. டெலிடைப்பில் காகித நாடாவில் துளையிட்டும் செய்தியைச் சேமிக்கலாம். தவறாகத் துளையிட்டுவிட்டால் என்ன செய்வது? போட்ட துளையை அடைக்க முடியாது. ஆனால் மிச்சமிருக்கும் இடங்களிலும் துளை போட்டுவிடலாம் அல்லவா? ரப் அவுட் அதைத்தான் செய்தது. எல்லா இடத்திலும் துளை இருந்தால் 'இந்த எழுத்தைப் பொருட்படுத்தாதே' என்று அர்த்தம். கணினி எழுத்துக் குறியீட்டில் 'டெலீட்' என்பதன் எண் இன்றும் 127 ஆக இருப்பது இதனால்தான். ஏழு இடங்களும் நிரம்பினால் வருகிற எண் அது.

அடுத்தது மணி. டெலிடைப்புக்குள் நிஜமாகவே ஒரு மணி உண்டு. ஜி என்ற விசையின் மேல் 'பெல்' என்று எழுதியிருக்கும். கண்ட்ரோலையும் ஜி-யையும் சேர்த்து அழுத்தினால் எதிர்முனை இயந்திரத்தில் மணி அடிக்கும். ஏன் ஜி? ஆங்கில நெடுங்கணக்கில் ஜி ஏழாவது எழுத்து, மணிக்கான குறியீடும் ஏழு. இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் அடுத்த கதை எளிதாகப் புரியும்.

1976இல் லியர் சீக்லர் என்ற அமெரிக்க நிறுவனம் ஏ.டி.எம். 3ஏ என்ற டெர்மினலைக் கொண்டுவந்தது. விலை ஆயிரம் டாலர் அளவிலேயே இருந்ததால் பல்கலைக்கழகங்கள் அள்ளிக்கொண்டன. 'டம்ப் டெர்மினல்' என்றே அதை விளம்பரம் செய்தார்கள்! திரையும் விசைப்பலகையும் ஒரே கூட்டுக்குள். அம்புக்குறிகளுக்குத் தனி விசை வைக்காமல், ஹெச், ஜே, கே, எல் என்ற நான்கு எழுத்துகளின் மேலேயே அம்புகளை அச்சிட்டுவிட்டார்கள். ஹெச் எட்டாவது எழுத்து, ஒரு இடம் பின்னால் போவதற்கான குறியீடும் எட்டு. ஜே பத்தாவது, அடுத்த வரிக்கு இறங்கும் குறியீடும் பத்து. அதே ஜி-மணிக் கணக்கு.

அந்தச் சமயத்தில் பெர்க்லியில் மாணவராக இருந்த பில் ஜாய், இந்த டெர்மினலில் உட்கார்ந்துதான் 'வி.ஐ.' என்ற எழுதுகருவி மென்பொருளை உருவாக்கினார். கர்ஸரை நகர்த்த அவர் வைத்தது அதே நான்கு எழுத்துகள். இன்றும் பெங்களூரிலும் சென்னையிலும் மென்பொருள் வேலை செய்யும் பிள்ளைகள் வி.ஐ. திறந்தால் ஹெச்-ஜே-கே-எல் என்றுதான் நகர்கிறார்கள். ஏன் இந்த நான்கு என்று கேட்டால், கையை நகர்த்த வேண்டாம் அல்லவா, அதனால்தான் என்பார்கள். 'செமிகோலன் எல் கே ஜே' என்று வலது கைக்குப் பாடம் படித்த நமக்கு அது நியாயமாகவே படும். ஆனால் அந்த அம்புகள் அச்சிட்ட பழைய விசைகளைக் கண்ணால் பார்த்தால்தான் முழுக் காரணமும் விளங்கும். எஸ்கேப் விசை அந்தப் பலகையில் இன்றைய டேப் இருக்கும் இடத்தில், விரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. வி.ஐ.யில் எஸ்கேப்பை ஓயாமல் அழுத்த வேண்டியிருப்பதன் ரகசியமும் அதில் இருக்கிறது.

இன்னொரு சுவையான விஷயம். நம் பழைய கைத் தட்டச்சு இயந்திரங்களில் மேற்கோள் குறி 2-இன் மேல் இருந்தது. டெலிடைப்பிலும் ஏ.டி.எம். 3ஏ-யிலும் அப்படியே. பிறகு ஐ.பி.எம். செலக்ட்ரிக் மின் தட்டச்சு பரவி, அலுவலகங்களில் அந்த அமைப்பு பழக்கமானதும் டெர்மினல்களும் அதற்கு மாறின. 2-இன் மேல் இன்று 'அட்' குறி இருப்பது அந்த வழியில் வந்தது.

1978இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் வி.டி. 100 வந்தது. விசைப்பலகை திரையிலிருந்து பிரிந்து, சுருள் கம்பியோடு தனியாக மடியில் வைத்துக்கொள்ளும்படி ஆனது. அதன் முனையில் இருந்தது பெரிய ஹெட்போனில் இருக்குமே, அதே கால் அங்குல முள். ஒவ்வொரு விசைக்கும் 'டிக்' என்று சத்தம் வரும். அது விசையின் சத்தம் இல்லை, உள்ளே இருக்கும் சின்ன ஸ்பீக்கரின் சத்தம். தட்டச்சு இயந்திரத்துக்குப் பழகிய காதுகளுக்காகச் செய்த ஏற்பாடு. ஐ.பி.எம்.காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. அவர்களுடைய 3278 டெர்மினல் விசைப்பலகையில், தட்டும்போதெல்லாம் உலோகத்தில் மோதிச் சத்தம் எழுப்புவதற்கென்றே ஒரு மின்காந்தத்தை வைத்திருந்தார்கள். 1983இல் வந்த வி.டி. 220-இன் விசைப்பலகையில்தான் தலைகீழ் 'டி' வடிவத்தில் அம்புக்குறிகள் பிரபலமாயின. இன்று உலகத்தில் எந்தக் கணினியை எடுத்தாலும் அந்த அமைப்புதான்.

நான் வேலை பார்த்த இடத்திலும் 1980களின் கடைசியில் டெர்மினல்கள் வந்தன. ஹையர் பாஸ் செய்த டைப்பிஸ்டுகளைத்தான் முதலில் அதில் உட்கார வைத்தார்கள். இயந்திரத்தை அடித்துப் பழகிய கை, டெர்மினலையும் அடிக்கத்தான் செய்தது. சில மாதங்களில் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு முகம் வந்துவிட்டது. சம்பளப் பிரிவில் எண் விசைகள் மட்டும் வழவழப்பாக மின்னும். கடிதப் பிரிவில் ஸ்பேஸ் பாரின் ஒரு ஓரம் பளபளக்கும். மேல் வரிசை விசைகளின் மேல் சின்னக் காகிதத் துண்டு ஒட்டி, எது எதற்கு என்று தமிழில் எழுதி வைத்திருப்பார்கள். பின்னாளில் அவற்றைக் கழித்தபோது கம்பியை வெட்டி, திரை ஒரு குவியல், பலகை ஒரு குவியல் என்று எடைபோட்டு அனுப்பினார்கள்.

சரி, தப்பிப் பிழைத்தவற்றை எப்படிப் பழுது பார்க்கிறார்கள்? முதல் வேலை கழுவுவது. விசை மூடிகளைக் கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். பல் செட் கழுவும் மாத்திரையைப் போடுபவர்களும் உண்டு. அழுக்கு அழகாகக் கழன்றுவிடுகிறதாம். நம் வீடுகளில் சிலவற்றில் அந்த மாத்திரை தயாராகவே இருக்கும்! நல்ல டெர்மினல்களில் எழுத்து, மேலே பூசிய மை இல்லை. இரண்டு நிறப் பிளாஸ்டிக்கை ஒன்றுக்குள் ஒன்றாக வார்த்திருப்பார்கள். ஐம்பது வருடம் தட்டினாலும் எழுத்து அழியாது.

அடுத்தது உள்ளே இருக்கும் பஞ்சு. கீ ட்ரானிக் என்ற நிறுவனம் பல டெர்மினல்களுக்குச் செய்து கொடுத்த பலகைகளில், ஒவ்வொரு விசைக்கு அடியிலும் ஒரு சின்ன ஸ்பாஞ்சுத் துண்டும் அதன் கீழ் உலோகம் பூசிய மெல்லிய வில்லையும் இருக்கும். விசையை அழுத்தினால் வில்லை சர்க்யூட் போர்டை நெருங்கும், அதை வைத்துக் கணினி புரிந்துகொள்ளும். வயதாக ஆக ஸ்பாஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். பலகை பார்க்கப் புதிதுபோல் இருக்கும், ஒரு விசையும் வேலை செய்யாது. எண்பது தொண்ணூறு துண்டுகளையும் புதிதாக வெட்டி ஒட்ட வேண்டும். ஐ.பி.எம். மாடல் எஃப் பலகைகளில் இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே இருக்கும் ஸ்பாஞ்சு விரிப்பும் இப்படித்தான் மட்கிப் போகும். அதை மாற்றிவிட்டுத் தகடுகளை மூடும்போது, உள்ளே ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் அடியில் இருக்கும் துடுப்பு அதனதன் இடத்தில் சரியாகப் படுத்திருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து. பொறுமை உள்ளவர்களுக்கான வேலை.

மஞ்சளாகிப்போன கூட்டை ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுக்கும் முறை ஒன்று 2008 வாக்கில் பரவியது. வெளுக்கும், ஆனால் சில காலம் கழித்து மஞ்சள் திரும்பி வருவதும் உண்டு. கடைசியாக, இந்தப் பலகைகள் பேசும் பாஷை இன்றைய கணினிக்குப் புரியாது என்பதால், நடுவில் துபாஷிபோல ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் அட்டையை வைத்து யு.எஸ்.பி.யில் இணைக்கிறார்கள்.

இங்கேதான் ஒரு சங்கடம். விசைப்பலகைக்குக் கிராக்கி கூடியதும், முழு டெர்மினலாகக் கிடைத்தால்கூடப் பலகையை மட்டும் பிரித்து விற்கிறார்கள். திரை கனம், அனுப்பச் செலவு, இடத்தை அடைக்கும். அதிலும் பழைய பிக்சர் டியூப்களில், முன்கண்ணாடிக்கும் டியூபுக்கும் நடுவில் இருக்கும் பசை கெட்டு வெள்ளை வெள்ளையாகப் படர்ந்துவிடும். சேகரிப்பாளர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரே 'கண்புரை'. சூடு காட்டிப் பிரித்துச் சுத்தம் செய்யலாம். ஆனால் அத்தனை பாடு யார் படுவது? திரை குப்பைக்குப் போகிறது. பலகை ஒருவர் வீட்டு மேசையில் பளபளவென்று இருக்கிறது. டெர்மினல்களைச் சேர்ப்பவர்களோ, திரை கையில் இருந்தும் பலகை இல்லாமல் தவிக்கிறார்கள்.

பலகை சேர்ப்பவர்களையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் எடுக்காவிட்டால் அதுவும் சேர்ந்து நொறுங்கியிருக்கும். தினமும் தட்டப்படும் பலகை உயிரோடு இருக்கும் பலகைதானே. ஆனாலும் ஹெச்-க்கு மேல் இருக்கும் அம்பு, திரையில் கர்ஸர் நகர்வதைப் பார்த்தால்தான் முழுமையாகப் பேசும். பிரித்துவிட்டால் பாதி ஆவணம்தான்.

அருங்காட்சியகம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடலாமா? மைக்ரோசாஃப்டைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பால் ஆலன், சியாட்டிலில் ஒரு கணினி அருங்காட்சியகம் வைத்திருந்தார். பழைய கணினிகளும் டெர்மினல்களும் அங்கே ஓடிக்கொண்டிருக்கும், வருபவர்கள் உட்கார்ந்து தட்டிப் பார்க்கலாம். 2018இல் அவர் காலமானார். 2020இல் அருங்காட்சியகம் மூடப்பட்டது. 2024இல் இனித் திறக்காது என்று அறிவித்து, சேகரிப்பிலிருந்து பல பொருள்களை ஏலத்துக்கு விட்டார்கள். அவ்வளவு பெரிய பணக்காரரின் ஏற்பாட்டுக்கே அந்த கதி என்றால், மிச்சமெல்லாம் சாதாரண மனிதர்கள் கையில்தான் இருக்கிறது.

அதனால் ஓய்வுபெற்ற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ, பழைய அலுவலகத்தின் ஸ்டோர் ரூமிலோ டெர்மினல் ஏதாவது கிடந்தால், பலகையை மட்டும் பிரித்துக் கொடுக்காதீர்கள். கம்பியை வெட்டாதீர்கள். திரையும் பலகையும் ஒரே கையில் போய்ச் சேரட்டும். துடைப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துவிடுங்கள். விசைகளின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத் துண்டை உரித்துப் போட்டுவிடாதீர்கள். அதில் எழுதியிருப்பதை ஒரு தாளில் குறித்து, எந்த ஊர், எந்த வேலை, எந்த வருடம் என்று சேர்த்து எழுதிப் பலகையின் அடியில் ஒட்டிவையுங்கள். ஸ்பாஞ்சை யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். அந்தப் பலகையில் என்ன வேலை நடந்தது என்பதைத் தட்டியவர்கள்தான் சொல்ல முடியும். நம்மில் பலர் இன்னும் இருக்கிறோம்.