பாரதியின் குரல் பதிவு நம்மிடம் இல்லை... உள்ளூர் கச்சேரிகளையாவது காப்பாற்ற முடியுமா? இசை பாட்காஸ்ட் தொடங்குபவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

1908-ல் புதுச்சேரிக்கு வந்த பாரதியார், 1918 வரை இங்கேதான் இருந்தார். கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, பாஞ்சாலி சபதம் எல்லாம் இந்த ஊர்க் காலத்துப் படைப்புகள். அவர் எழுதியதோடு நிறுத்தவில்லை. மெட்டுப் போட்டு, நண்பர்கள் முன்னால் வாய்விட்டுப் பாடியவர். அப்போது சிறுமியாக இருந்த யதுகிரி அம்மாள், 'பாரதி நினைவுகள்' நூலில் இதையெல்லாம் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தக் குரல்? ஒரு நிமிடப் பதிவுகூட நமக்குக் கிடைக்கவில்லை.

கருவி இல்லாத காலமா என்றால் அதுவும் இல்லை. இந்தியாவில் கிராமபோன் பதிவு 1902-லேயே கல்கத்தாவில் தொடங்கிவிட்டது. பிரிட்டிஷ் போலீஸ் கண்காணித்த ஒருவரை, பிரெஞ்சு ஊருக்குத் தேடி வந்து யார் ரெக்கார்டு பண்ணியிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இன்று நிலைமை தலைகீழ். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமிகள் வந்து இறங்கும்போது, நாதஸ்வரம், தவில் சத்தத்துக்கு நடுவே நூற்றுக்கணக்கான செல்போன்கள் ஓடிக்கொண்டிருக்கும். பிரான்ஸில் 1982-ல் தொடங்கிய ஜூன் 21 இசைத் திருவிழா, புதுச்சேரியிலும் கொண்டாடப்படுகிறது. அன்றைக்கும் இதே காட்சிதான். பதிவுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் போன் மாறினதும் பாதி போயிடும். மீதியில் யார் வாசிச்சது, எந்த வருஷம் என்று ஒரு குறிப்பும் இருக்காது.

பாட்காஸ்ட் இதுக்கு எப்படி உதவும்?

பாட்காஸ்ட் என்பது தொடராக வரும் ஒலி நிகழ்ச்சி. ஒரு இடத்தில் ஏற்றினால் பல ஆப்களில் ஒரே நேரத்தில் கேட்கலாம். ஸ்டூடியோ, லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. ஒரு உள்ளூர் கலைஞரைப் பேச வைத்து, நடுவில் அவர் வாசித்த நேரடிப் பதிவைப் போட்டால் ஒரு எபிசோடு தயார்.

புதுச்சேரி பக்கத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. ஆரோவில் ரேடியோ, அங்கே நடக்கும் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து இணையத்தில் வைக்கிறது. கர்நாடக இசையில் 'சங்கீதப்ரியா' என்ற தளம், ரசிகர்கள் சேர்த்து வைத்த கச்சேரிப் பதிவுகளை லாப நோக்கமில்லாமல் பகிர்கிறது. கடையில் விற்கும் ஆல்பங்களுக்கு அங்கே இடமில்லை. அந்த ஒரு விதியை நீங்களும் முதல் நாளிலேயே எடுத்துக்கொள்வது நல்லது.

எப்படிப் பதிவு செய்வது?

போனில் ஏற்கெனவே இருக்கும் ரெக்கார்டர் ஆப் பெரும்பாலும் ஒலியைச் சுருக்கித்தான் சேமிக்கும். செட்டிங்ஸில் 'வேவ்' என்ற வடிவம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் பதிவு செய்தால் சுமார் 1 ஜிபி ஆகும். அதையே 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் 58 எம்பி போதும். கேட்பவர்களுக்கு எம்பி3 கொடுங்கள், ஒரிஜினலை மட்டும் அழிக்காதீர்கள். எம்பி3-யில் ஒருமுறை போன ஒலி திரும்ப வராது.

தவிலுக்குப் பக்கத்தில் போனை நீட்டினால் ஒலி பிளந்துவிடும். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், தானாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். மேடைக் கச்சேரி என்றால் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் கேட்டு மிக்சரில் இருந்தே ஒரு லைன் வாங்கலாம். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஆனால் மிக்சர் லைனில் கூட்டத்தின் சத்தம் வராது. கைத்தட்டல், 'ஆஹா', குழந்தை அழுகை எல்லாம் சேர்ந்ததுதான் நேரடிக் கச்சேரி. அதனால் கூட்டத்துக்குள் இன்னொரு போன் ஓடட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பலரும் கோட்டை விடும் இடம் இது. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, பாடுபவர், வாசிப்பவர், ஆடுபவர் எல்லோருக்கும் 'நிகழ்த்துநர் உரிமை' உண்டு. நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் இருந்து 50 ஆண்டுகளுக்கு அது செல்லும். சபாவில் பாடுபவருக்கு மட்டுமல்ல, தெருக்கூத்துக் கலைஞருக்கும் இதே உரிமைதான். சொந்தமாகக் கேட்கவோ, உண்மையான ஆய்வு, பாடம் நடத்தவோ பதிவு செய்தால் பிரச்னை இல்லை. பாட்காஸ்டில் போட்டால் அது பொதுமக்களுக்கு வெளியிடுவது. அதற்கு அனுமதி வேண்டும்.

கோயில் திருவிழாவிலும் கல்யாணத்திலும் பாட்டு வாசிக்கச் சட்டத்தில் விலக்கு இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த விலக்கு அந்த இடத்தில் வாசிப்பதற்குத்தான். அதைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றுவது அதில் வராது.

அடுத்தது பாட்டின் உரிமை. பாட்டு எழுதியவர், மெட்டமைத்தவர் இறந்து 60 ஆண்டுகள் வரை அது தனித்தனியாக இருக்கும். பாரதி பாடல்கள் 1949-லேயே நாட்டுடைமை ஆகிவிட்டன. அதற்கு முன்பு அவர் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை ஏவி.எம். வசம் இருந்தது, அதற்காக நீதிமன்றம் வரை போனார்கள் என்பது இன்று பலருக்குத் தெரியாது. புதுச்சேரிக்காரரான பாரதிதாசன் 1964-ல் மறைந்தார். சட்டக் கணக்குப்படி 2024-ம் ஆண்டோடு அந்த 60 ஆண்டுகளும் முடிந்துவிட்டன. ஆனால் அவருடைய வரிகளுக்கு வேறொருவர் போட்ட மெட்டு அப்படி இல்லை. மெட்டமைத்தவர் மறைந்த ஆண்டில் இருந்து அதற்குத் தனிக் கணக்கு. ஆக, அதே வரிகளை உங்க ஊர்க் கலைஞர் சொந்த மெட்டில் பாடினால் சிக்கல் குறைவு.

லைட் மியூசிக் கச்சேரியில் பாடும் சினிமா பாட்டு? பாட்காஸ்டில் தவிர்த்துவிடுவதே பாதுகாப்பு. இளையராஜா பாடல்கள் தொடர்பான வழக்குகளைச் செய்திகளில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்.

அனுமதி என்றதும் வக்கீலைத் தேட வேண்டாம். கலைஞரின் பெயர், நிகழ்ச்சி தேதி, இடம், எங்கெல்லாம் வெளியிடப்போகிறீர்கள், பணம் வந்தால் பங்கு எவ்வளவு என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும். கையெழுத்துப் போடத் தயங்கும் பெரியவர் என்றால், படித்துக் காட்டி அவர் சம்மதத்தை அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். தவில்காரர், ஒத்து வாசிப்பவர் பெயரையும் விட்டுவிடாதீர்கள். 'மற்றும் குழுவினர்' என்று முடிப்பது நம்ம ஊர் வழக்கம்தான், ஆனால் அவர்களுக்கும் அதே உரிமை இருக்கிறது.

எங்கே சேமிப்பது?

'ஆப்பில் இருக்கே, அது போதாதா?' என்று நினைக்காதீர்கள். ஒரு காலத்தில் உலகமே பாட்டு ஏற்றிய மைஸ்பேஸ் தளம், சர்வர் மாற்றும்போது 2015-க்கு முந்தைய இசைக் கோப்புகள் போய்விட்டதாக 2019-ல் ஒப்புக்கொண்டது. கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-ல் மூடப்பட்டது. ஆகவே மூன்று பிரதிகள் வையுங்கள்: ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று தனி ஹார்டு டிஸ்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டிலோ கிளவுடிலோ. கடலோர ஊரில் புயலும் வெள்ளமும் வரும்போது ஒரே வீட்டில் மூன்று டிஸ்க் இருந்தும் பயனில்லை. அனுமதி இருந்தால் இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் இலவசமாக ஏற்றலாம். 1982-ல் தொடங்கப்பட்டு, இப்போது குருகிராமில் இயங்கும் இனஇசையியல் ஆவண மையம் போன்ற இடங்கள், கள ஒலிப்பதிவுகளைச் சேகரித்துப் பாதுகாக்கின்றன.

கோப்பின் பெயரில் தேதி, இடம், கலைஞர் பெயர் மூன்றும் இருக்கட்டும். இன்னும் எளிய வழி, பதிவு ஓட ஆரம்பித்ததும் இதையெல்லாம் நீங்களே வாயால் சொல்லிவிடுவது. குறிப்பு நோட்டு தொலைந்தாலும் இது கூடவே இருக்கும்.

வீட்டில் பழைய கேசட் இருக்கா?

புதிதாகப் பதிவு செய்வதைவிட அவசரமான வேலை இதுதான். காந்த நாடாக்களை ஓட்டும் கருவிகள் 2025 வாக்கில் அரிதாகிவிடும் என்று யுனெஸ்கோ திட்டம் ஒன்று 2019 வாக்கிலேயே எச்சரித்தது. புதுச்சேரியின் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சையும் பிடிக்கும். வெள்ளையாகத் தூள் தெரிந்தால் டேப் ரெக்கார்டரில் போட்டுப் பார்க்காதீர்கள். நாடாவோடு சேர்ந்து கருவியும் கெட்டுப்போகும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் அது பரவும். அதைத் தனியாக எடுத்து வைத்து, விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல நிலையில் இருப்பவற்றின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சின்ன பிளாஸ்டிக் தடுப்புகளை முதலில் உடைத்துவிடுங்கள். அதன்பிறகு யார் தவறுதலாக ரெக்கார்டு பட்டனை அமுக்கினாலும் தாத்தாவின் கச்சேரி மேல் எதுவும் பதிவாகாது.