நீர்காத்த அய்யனாரும் நகரசபைச் சட்டமும்: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்தல பரிபாலன வரலாற்றில் ஓர் ஆய்வு

முன்னுரை

இராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து வனத்தினுள், ஆற்றங்கரையில் எழுந்தருளியிருக்கும் அய்யனாரை, நீர்காத்த அய்யனார் என்ற திருநாமத்தாலேயே அவ்வட்டாரத்து மக்கள் வழிபட்டு வருகின்றனர். ஏரிக்கரையிலும் கண்மாய்க்கரையிலும் அய்யனார் காவல் தெய்வமாக அமர்ந்திருப்பது தமிழகத்தின் பொது வழக்கு. இங்கோ கண்மாய்களுக்கு நீர் இறங்கி வரும் மலையின் அடியிலேயே அவர் காவல் பூண்டிருக்கிறார். அக்கோவிலுக்குச் செல்லும் பாதையில்தான் இராஜபாளையத்துக்குக் குடிநீர் வழங்கும் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும் அமைந்திருக்கிறது. நகரசபையின் அதிகாரம் நகர எல்லைக்குள் அடங்குவது. நகரம் பருகும் நீரோ எல்லைக்கு அப்பால் பிறப்பது. இவ்விரண்டையும் இணைப்பதற்கு நம் சட்டங்கள் காலந்தோறும் மேற்கொண்ட முயற்சிகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாரியமும் குடிமராமத்தும்

நீரைக் காப்பது ஊராட்சியின் தலையாய தருமம் என்னும் கொள்கை நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழனின் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலை முறையால் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுமிடத்து, தோட்ட வாரியத்தோடு ஏரி வாரியத்தையும் தனியே குறிப்பிடுகின்றன. நீருக்கென ஒரு வாரியம், அவ்வாரியத்துக்கு உரிய தகுதிகள், அதன் பதவிக்கு ஒரு கால வரையறை என ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தெளிந்த ஒரு நிர்வாக முறை இருந்தது. பிற்காலத்தில் குடிமராமத்து என்ற பெயரால், கண்மாயின் நீரை உண்போரே அதன் கரையையும் மடையையும் வாய்க்காலையும் பேணும் கடமையை ஏற்றனர். அக்கடமை தளர்வுற்றபோது, 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தினால் ஆங்கில அரசு அதனை நிலைநிறுத்த முற்பட்டது. மக்களின் மனச்சாட்சியில் வேரூன்றியிருந்த ஒரு வழக்கம், தண்டனைக்கு அஞ்சி நிறைவேற்றப்படும் கட்டளையாக மாறியது அப்பொழுதுதான்.

1882: தீர்மானமும் சட்டமும்

சென்னை மாகாணத்தின் நகர பரிபாலனம் வரியிலிருந்தே தொடங்கியது. 1865ஆம் ஆண்டின் நகர அபிவிருத்திச் சட்டம், போலீஸ் செலவின் ஒரு பகுதியை நகரத்தாரின் மீதே சுமத்தியது; 1871ஆம் ஆண்டின் சட்டம் கல்வி, சுகாதாரம் முதலிய கடமைகளை விரித்துரைத்தது. ஸ்தல சுயாட்சியை மக்களுக்கு அரசியல் பயிற்சியளிக்கும் பள்ளியாகக் கருதிய ரிப்பன் பிரபுவின் புகழ்பெற்ற தீர்மானம் 1882ஆம் ஆண்டு மே மாதம் வெளியாயிற்று. அதன் பயனாக 1884ஆம் ஆண்டின் ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்கீழ், அக்காலத்தில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஸ்ரீவில்லிபுத்தூர், 1894ஆம் ஆண்டில் நகரசபையைப் பெற்றது. 1910இல் இராமநாதபுரம் ஜில்லா அமைந்தபோது இப்பகுதி அதனுடன் சேர்ந்தது.

ஆயினும், ரிப்பன் தீர்மானம் வெளியான அதே 1882ஆம் ஆண்டில்தான் சென்னை வனச் சட்டமும் இயற்றப்பட்டது என்பதை ஆராய்ச்சியாளர் மறத்தலாகாது. அத்தீர்மானம் நகரத்தின் தெருவையும் விளக்கையும் சாக்கடையையும் நகரத்தாரின் பொறுப்பில் ஒப்படைக்க வழிகோலியது. வனச் சட்டமோ, அந்நகரங்களுக்கு நீர் தரும் மலைக்காடுகளைச் சர்க்காரின் நேரடி ஆதிக்கத்துள் கொண்டுவந்தது. நீரை உண்பவர் ஒரு சட்டத்தின்கீழும், நீர் பிறக்கும் இடம் வேறொரு சட்டத்தின்கீழும் பிரிந்து நின்ற நிலைமை இவ்வாறே தோன்றியது.

ஆலைகளும் நகரசபையும்

1920ஆம் ஆண்டின் சென்னை ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டம், தேர்தலின் வழியே வரும் சேர்மனுக்கும் சபைக்கும் விரிந்த அதிகாரங்களை அளித்தது. சொத்து வரியோடு சேர்த்து நீர், வடிகால் வரி விதிக்கவும், நகர எல்லைக்கு வெளியேயும் நீர்ப்பணிகளை அமைக்கவும் அது இடமளித்தது. மலையடிவாரத்தை நம்பிய நகரங்களுக்கு இவ்விதி எத்துணை இன்றியமையாதது என்பதை இராஜபாளையத்தின் வரலாறு காட்டும். 1936ஆம் ஆண்டில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா நிறுவிய இராஜபாளையம் மில்ஸ் முதலாக நூற்பாலைகள் பெருகின, தொழிலாளர் குடியேறினர், கிணறுகளும் ஊருணிகளும் போதாவாயின. 1940களின் தொடக்கத்தில் இராஜபாளையம் நகரசபையானது இத்தகைய வளர்ச்சியின் நடுவேதான்.

இம்மண்ணில் பிறந்த பூ. ச. குமாரசாமி ராஜா 1949இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அவரது ஆட்சிக்காலத்தில் 1950ஆம் ஆண்டின் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம் நிறைவேறியது. நகரசபைக்கும் மலைக்கும் இடைப்பட்ட கிராமங்கள் தமக்கென உறுதியான சட்ட உரிமை பெற்றன. நீரின் பங்காளிகள் இவ்விதம் மேலும் பெருகினர்.

எல்லைகளின் பெருக்கம்

1971இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் தோன்றியபின், பெருந்திட்டங்களின் வடிவமைப்பு நகரசபைகளின் கையிலிருந்து மாநில நிபுணர்களிடம் சென்றது. அய்யனார் கோவில் அமைந்துள்ள வனமோ 1988இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாகவும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆற்றில் வெள்ளம் பெருகுங்கால் பக்தர்கள் கோவிலுக்குச் செல்வதற்கு வனத்துறை தடை விதிக்கிறது. அக்காடு காக்கப்படுவதனால்தான் கோடையிலும் நீர் கசிகிறது. ஆதலின் வனத்துறையின் காவல் நகரசபைக்குப் பகையன்று, பெருந்துணையே ஆகும்.

இத்தனை அதிகாரங்களையும் ஓரிடத்தில் கூட்டும் வழியை, 1993ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் அமலுக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் காட்டியது. பன்னிரண்டாம் அட்டவணையின் பதினெட்டு கடமைகளுள் குடிநீர் வழங்கலும் ஒன்று. அதனினும் மேலாக, 243-இசட்-டி பிரிவு, நகராட்சிகளும் ஊராட்சிகளும் நீரையும் பிற இயற்கை வளங்களையும் பகிர்ந்துகொள்வதை மாவட்டத் திட்டக் குழு கருத்திற்கொள்ள வேண்டுமெனப் பணிக்கிறது. ஆனால், சபையே இல்லாத காலத்தில் குழுவுக்கு உயிரேது? தமிழ்நாட்டு நகராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016இல் முடிந்தபின், அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நிகழ்ந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேற்பட்ட காலம் தனி அதிகாரிகளே பரிபாலித்தனர்.

முடிவுரை

உத்தரமேரூரின் ஏரி வாரியத்தில், நீரை உண்போரும் அதனைப் பேணுவோரும் ஒரே ஊரினர். இன்று அவர்கள் நகராட்சி, ஊராட்சி, வனத்துறை, குடிநீர் வடிகால் வாரியம் எனப் பல சட்டங்களின்கீழ்ப் பிரிந்து நிற்கின்றனர். பிரிவினை காலத்தின் நிர்ப்பந்தம். அதனை நீக்குதல் இனி இயலாது. எனினும், மலையடிவாரத்தின் நீரைப் பற்றி இவர்கள் அனைவரும் ஒருங்கிருந்து ஆலோசிப்பதற்குரிய ஆசனத்தை அரசியலமைப்பே இட்டு வைத்திருக்கிறது. அவ்வாசனத்தில் மக்கள் பிரதிநிதிகள் தவறாது அமரும் நாளில்தான், நீர்காத்தல் என்னும் பழந்தருமம் தெய்வத்தின் திருநாமத்தோடு நில்லாமல் நகரசபையின் நடைமுறையாகவும் ஆகும்.