கூடிப் பார்க்க ஒரு மேசை

2007ஆம் ஆண்டு மே மாத இறுதியில், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் கூடிய தொழில்நுட்ப மாநாடொன்றில், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அன்றைய தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர் ஒரு மேசையை அறிமுகம் செய்தார். பார்வைக்கு அது விருந்தினர் கூடத்தில் இடும் தாழ்ந்த மேசைதான். அதன் மேற்பலகையோ 30 அங்குல ஒளித்திரை. விசைப்பலகை இல்லை, சுட்டி இல்லை. நிழற்படக் கருவியை எடுத்து அம்மேசைமீது வைத்தால், அதற்குள் அடங்கிய படங்கள் யாவும் திரையிற் சிதறிக் கிடக்கும். விரலால் அவற்றை நகர்த்தலாம். இரு விரல் வைத்து விரித்தாற் படம் பெருக்கும், குறுக்கினாற் சிறுக்கும். எதிரே அமர்ந்திருப்பவர் பக்கம் ஒன்றைத் தள்ளியும் விடலாம். மேற்பரப்பு என்னும் பொருள்பட அதற்குச் 'சர்ஃபேஸ்' என்று பெயரிட்டனர். குடும்பம் முழுதும் ஒருங்கே சுற்றியமர்ந்து தன் படங்களைக் கண்டு களிக்கும் காலம் அண்மையில் வந்துவிட்டது என்பதே அன்று தரப்பட்ட வாக்குறுதி.

அம்மேசை வீடுகளுக்குள் வரவேயில்லை. ஆனால், அது காட்டிய விரல் வித்தையை இன்று எழுத்தறியாக் குழந்தையும் செய்கிறது. வித்தை தங்கி, மேசை மட்டும் மறைந்தது எவ்வாறு?

தொடுதிரை நாம் எண்ணுவதைவிட மூத்தது. இங்கிலாந்தின் மால்வர்ன் நகரிலிருந்த அரசு ராடார் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஈ. ஏ. ஜான்சன், விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவோர்க்காக விரல் தொடுகையை உணரும் திரை ஒன்றைப் பற்றி 1965லேயே எழுதினார். அது ஒரு நேரத்தில் ஒரு விரலை மட்டுமே அறியும். பல விரல்களை ஒருங்கே அறியும் முயற்சி 1982இல் கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் நிமிஷ் மேத்தா என்ற மாணவரால் நடந்தது. அவர் கையாண்ட முறை மிக எளிது. பனிபடர்ந்தது போன்ற மங்கிய கண்ணாடியின் பின்னே ஒரு படக்கருவி இருக்கும். முன்னே விரல் படும் இடம் அக்கருவிக்குக் கரும்புள்ளியாகத் தெரியும். அதே பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பில் பக்ஸ்டனும் அவர்தம் துணைவரும் 1985இல் மின்னேற்றத்தைக் கொண்டு இயங்கும் வேறொரு தொடுபலகையை வெளியிட்டனர். புதுமை என்று கடைக்கு வருவது, பெரும்பாலும் இருபதாண்டுகள் ஆய்வுக்கூடத்தில் உறங்கியிருந்த பொருள்தான்.

இத்துறையில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது, 2001இல் மாசசூசெட்ஸ் மாநிலக் கேம்பிரிட்ஜ் நகரில், மிட்சுபிஷி நிறுவனத்தின் ஆய்வகத்தார் செய்த 'டயமண்ட் டச்' என்னும் மேசையாகும். அதன் பரப்பினடியில் பதித்த மெல்லிய கம்பிகள் ஒவ்வொன்றும் தனக்கேயுரிய நுண்ணிய மின்குறியை அனுப்பிக் கொண்டிருக்கும். ஒருவர் தொட்ட மாத்திரத்தில் அக்குறி அவர் விரல் வழியே உடலுட் புகுந்து, அவர் அமர்ந்த நாற்காலியிலுள்ள வாங்கியை அடையும். ஆகவே, எங்கே தொட்டார்கள் என்பதோடு யார் தொட்டார் என்பதையும் அம்மேசை அறியும். பிற்காலத்துத் தொடுதிரைகளிற் பெரும்பாலானவற்றிற்கு இந்த அறிவு இல்லை. தந்தை தொட்டாலும் மகன் தொட்டாலும் அவற்றிற்கு ஒன்றே.

அதே ஆய்வகத்தில் சியா ஷென் என்னும் அம்மையாரும் துணைவர்களும், மேசையைச் சுற்றியிருந்து படம் பார்த்துக் கதை பேசுவதற்கென ஓர் ஏற்பாட்டைச் செய்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'தனிமனித வரலாற்றாசிரியர்' என்ற பொருளுடையது. யார், என்ன, எங்கே, எப்போது என்னும் நான்கு வினாக்களால் படங்கள் அதில் வகுக்கப்பட்டன. படம் பேச்சுக்குத் துணையே என்பதை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர். ஆனால், ஓர் இடர்ப்பாடு. ஒரே சஹனைச் சுற்றியமர்ந்து உண்டு பழகிய நமக்கு அது எளிதில் விளங்கும். சோற்றுக்கு மேல்கீழ் கிடையாது. யார் எப்பக்கம் இருந்தாலும் அது அவர் பக்கமே. நிழற்படத்துக்கோ தலையுண்டு, காலுண்டு. எனக்கு நேராக இருப்பது எதிரே இருப்பவர்க்குத் தலைகீழ். இதற்காகவே அவர்கள் திரைக்காட்சியை வட்டமாக்கி, உணவு மேசையிற் சுழலும் தட்டைப் போல விரலாற் சுழற்றும்படி அமைத்தனர்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜெஃப் ஹான் 2005இல் வெளியிட்ட முறை வேறு. தெளிந்த பிளாஸ்டிக் பலகையின் ஓரத்திலிருந்து அகச்சிவப்பொளியைச் செலுத்தினால், அது வெளியேறாமல் உள்ளுக்குள்ளேயே எதிரொளித்துச் செல்லும். விரல் பட்ட இடத்தில் மட்டும் ஒளி சிதறிக் கீழே கசியும். அடியிலுள்ள படக்கருவி அதைக் காணும். ஓர் ஊடகத்தினின்று மற்றோர் ஊடகம் புகும் ஒளி திசை மாறுவதை 11ஆம் நூற்றாண்டிலேயே இப்னுல் ஹைதம் தம் 'கிதாபுல் மனாளிர்' ஏழாம் பாகத்தில் ஆராய்ந்தார். அந்த ஒளியியலின் நெடுந்தொடரில் இதுவும் ஒரு கண்ணி. ஹான் 2006 பிப்ரவரியில் இதை மேடையிற் காட்டியபோது அவையினர் வியந்து ஆரவாரித்தனர். 2008 அமெரிக்கத் தேர்தற் காலத்தில் அவருடைய பெருந்திரை சி.என்.என். தொலைக்காட்சியில் இடம்பெற்றது. ஆனால், மேசை அங்கே எழுந்து சுவராகிவிட்டது. ஒருவர் தொடுவார், மற்றவர் பார்த்திருப்பர்.

இனி மைக்ரோசாஃப்ட் மேசைக்கு வருவோம். அதன் வயிற்றுக்குள் ஒரு படவீழ்த்தியும், ஐந்து அகச்சிவப்புக் கருவிகளும், ஒரு முழுக் கணிப்பொறியும் இருந்தன. அதனால் நாற்புறமும் அடைத்த பெட்டி அது. கால் நீட்ட இடமில்லை. வெயிலும் வெளிச்சமும் மிகுந்த இடத்தில் அக்கருவிகளின் பார்வை தடுமாறும். விலையோ 10,000 டாலரையொட்டி நின்றது. 2008 ஏப்ரலில் அது முதலிற் சென்றது ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் தொலைபேசிக் கடைகளுக்கு. தன்னை வெல்லப்போகும் பொருளைத் தானே விளம்பரப்படுத்தும் வேலைக்கு அது அமர்த்தப்பட்டது என்று சொல்லத் தோன்றுகிறது! 2012இல் சாம்சங் நிறுவனத்துடன் இணைந்து 40 அங்குலத்தில் 4 அங்குலத் தடிப்புள்ள மெல்லிய மேசையைக் கொணர்ந்தனர்; அதுவும் 8,000 டாலருக்கு மேல். அவ்வாண்டு ஜூன் மாதம் 'சர்ஃபேஸ்' என்ற பெயரையே பறித்துக் கைப்பலகைக் கணிப்பொறி ஒன்றுக்குச் சூட்டி, மேசைக்கு வேறு பெயர் இட்டுவிட்டனர்.

மேசையை வென்றது கைப்பேசி. டெலவேர் பல்கலைக்கழக ஆய்வாளர் வெய்ன் வெஸ்டர்மன் ஓயாது விசை தட்டியதாற் கைவலியுற்று, மென்மையாய்த் தொட்டாலே இயங்கும் பலகையை நாடினார். ஆசிரியர் ஜான் இலையாசுடன் 1998இல் அவர் தொடங்கிய சிறு நிறுவனத்தை 2005இல் ஆப்பிள் வாங்கிற்று. 2007 ஜனவரி 9 அன்று, மேசைக்கு ஏறக்குறைய ஐந்து திங்கள் முன்னரே, ஐபோன் அறிமுகமாயிற்று. அதன் திரை 3.5 அங்குலம், ஒரு முகம் குனிந்து பார்க்கும் அளவு. மேசையின் தோல்விக்கு விலையையே காரணமாகக் கூறுவர். அது பாதி உண்மை என்பேன். மேசையை ஒரு வீடு ஒரு முறை வாங்கும். கைப்பேசியை ஆளுக்கொன்றாக, சில ஆண்டுக்கொரு முறை வாங்குவர். வணிகனின் கண் எதன்மேல் நிலைக்கும் என்பதை விளக்கவும் வேண்டுமோ?

மேசை அறிமுகமான அதே 2007ஆம் ஆண்டு, மார்ச் மாதத்தில், கூடிப் பார்த்தலின் மற்றொரு வடிவமும் அரங்கேறிற்று. முன்பின் அறியாத பலர் பாரிஸ் நகரின் நோத்ருதாம் தேவாலயத்தை எடுத்த படங்களை ஒப்புநோக்கி, ஒவ்வொன்றும் எங்கிருந்து எடுக்கப்பட்டது எனக் கணித்து, அனைத்தையும் ஒரே முப்பரிமாணக் கட்டடமாக இணைத்துக் காட்டிய 'ஃபோட்டோசிந்த்' அது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நோவா ஸ்நேவ்லி முதலியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வே அதன் அடிப்படை. 2008 ஆகஸ்டில் யாவர்க்கும் திறந்துவிடப்பட்டது. மக்கள் தம் ஊரையும் தெருவையும் கட்டடங்களையும் படங்களாற் பின்னி அதில் ஏற்றினர். 2017 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அதனை மூடிற்று. மூடுமுன், தம் படைப்புகளைக் காத்துக்கொள்ள விரும்புவோர் தத்தம் கணிப்பொறியில் இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தனர்.