காற்றைத் திணிப்பதற்கு முன்: விருதுநகர்ப் பாதையில் ஓடிய டீசல் என்ஜின்களின் உள்வரலாறு

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையில், அர்ச்சுனா நதியின் அணைக்கட்டை ஒட்டி அமைந்த ஆனைக்குட்டம் வட்டாரத்தின் வரலாறு பெரும்பாலும் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அத்தொழில்களின் சரக்கையும் ஆட்களையும் இழுத்துச் சென்ற என்ஜின்களுக்குள் என்ன நடந்தது என்பது அதில் அரிதாகவே இடம்பெறுகிறது. மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் இருப்புப்பாதை 1876-இல் விருதுபட்டி வழியாகத் திறக்கப்பட்டது. அவ்வூர் 1923-இல் விருதுநகர் என்று பெயர் மாறியது. 1922-இல் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் அடுத்த ஆண்டே தொழிற்சாலை தொடங்கிவிட்டனர் என்றாலும், சிவகாசி வழியாகத் தென்காசிக்குச் செல்லும் கிளைப்பாதை 1927-இல்தான் வந்து சேர்ந்தது. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு மீட்டர் அகலமே கொண்டதால் மீட்டர் பாதை எனப்பட்ட அந்தப் பாதையில் நெடுங்காலம் நீராவி என்ஜின்களும், அவற்றுக்குப் பின் ஒய்.டி.எம்-4 என்னும் டீசல் என்ஜின்களும் ஓடின. இந்த டீசல் என்ஜின் காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் வகையைச் சேர்ந்ததன்று. காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் கருவியைக் கொண்டது.

உள்ளெரி என்ஜினின் திறன், ஒவ்வொரு சுற்றிலும் அது எரிக்கக்கூடிய எரிபொருளின் அளவைப் பொறுத்தது. எரிபொருளின் அளவோ சிலிண்டருக்குள் இருக்கும் காற்றின் அளவைப் பொறுத்தது. ஆகவே என்ஜினைப் பெரிதாக்காமலே திறனைக் கூட்ட வேண்டுமானால் அதே சிலிண்டருக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்ப வேண்டும். அவ்வேலையைச் செய்யும் கருவி சூப்பர்சார்ஜர் எனப்படுகிறது. கிராங்க் ஷாஃப்டிலிருந்தே பெல்ட் அல்லது பல்சக்கரம் மூலம் சுழற்றப்படுவது ஒரு வகை. 1860-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரூட்ஸ் சகோதரர்கள் உருவாக்கிய காற்றூதியின் வழிவந்த இவ்வகையை, 1921-இல் பெர்லின் கண்காட்சியில் வைக்கப்பட்ட மெர்சிடிஸ் கார்கள் புகழ்பெறச் செய்தன. வீணாகும் புகையின் விசையால் சுழலும் டர்பைனைக் கொண்டு இயக்கப்படுவது இன்னொரு வகை. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரெட் பியூக்கி 1905-இல் காப்புரிமை பெற்றது இதற்கே. 1920-களின் நடுவில் இரண்டு ஜெர்மானியப் பயணிகள் கப்பல்களின் என்ஜின்களில் இது பொருத்தப்பட்டபோது, 1,750 குதிரைத்திறன் கொண்டிருந்த அவை 2,500 குதிரைத்திறனுக்கு உயர்ந்தன. பொதுவழக்கில் முன்னதைச் சூப்பர்சார்ஜர் என்றும் பின்னதை டர்போ என்றும் பிரித்துச் சொல்வது இன்று வழக்கமாகிவிட்டாலும், இந்திய ரயில்வேயின் டீசல் ஷெட்டுகளில் புகையால் சுழலும் கருவியே ‘டர்போ சூப்பர்சார்ஜர்’ என்றும், சுருக்கமாக ‘டி.எஸ்.சி.’ என்றும் வழங்கிவந்தது.

காற்றூதியைப் பொருத்துவது எளிது; அதன் விலை என்ஜினின் உள்ளேதான் கேட்கப்படுகிறது. கூடுதல் காற்றோடு கூடுதல் எரிபொருள் எரியும்போது, பிஸ்டனின் தலைப்பகுதி தாங்க வேண்டிய வெப்பமும், எரிதலின் உச்சத்தில் சிலிண்டருக்குள் எழும் அழுத்தமும் ஒருசேர ஏறுகின்றன. அலுமினியக் கலவையால் வார்க்கப்பட்ட பிஸ்டன் எடை குறைந்தது, வெப்பத்தை விரைவாகக் கடத்துவது. ஆனால் வெப்பநிலை 250, 300 பாகை செல்சியஸை நெருங்கும்போது அதன் வலிமை வேகமாகக் குறைகிறது, ரிங்குகள் அமர்ந்திருக்கும் பள்ளங்கள் அகன்றுவிடுகின்றன, ரிங் இறுக்கம் இழந்ததும் புகை கீழே கிராங்க் அறைக்கும் எண்ணெய் மேலே எரியறைக்கும் கசிகின்றன. உச்ச அழுத்தமோ கனெக்டிங் ராடு, அதன் போல்ட்டுகள், பேரிங்குகள், சிலிண்டர் ஹெட் ஆகிய அனைத்தின்மீதும் இறங்குகிறது. பெட்ரோல் கார்களில் இவற்றோடு இன்னொரு கேடும் சேர்கிறது: அழுத்தப்பட்ட கலவை தீப்பொறியிலிருந்து பரவும் சுடருக்குக் காத்திராமல் தானே வெடித்தெரிவதால் எழும் ‘நாக்கிங்’ என்னும் அதிர்வு, வார்ப்புப் பிஸ்டனைச் சில நிமிடங்களிலேயே உடைத்துவிடக்கூடும். சூப்பர்சார்ஜர் உள்ள காரின் உரிமையாளர் காற்றழுத்தத்தை மேலும் கூட்ட விரும்பும்போது, அடித்து வடித்த ஃபோர்ஜ்டு பிஸ்டன்களையும் வலுவான கனெக்டிங் ராடுகளையும் மாற்றுவதா, இருப்பவை தாங்கும் என்று நம்பி ஓட்டுவதா என்று தயங்குவது இதனால்தான். இதே தயக்கத்தை ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலம், ஆயிரக்கணக்கான என்ஜின்கள் அளவில், இந்திய ரயில்வே எதிர்கொண்டது.

அந்த வரலாறு 1962-இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திடமிருந்து வந்த டபிள்யூ.டி.எம்-2 என்னும் அகலப்பாதை வண்டி, 16 சிலிண்டர்கள் கொண்ட ‘251’ வகை என்ஜினில் 2,600 குதிரைத்திறனைத் தந்தது. ஒவ்வொரு சிலிண்டரும் 9 அங்குல விட்டமும், பத்தரை அங்குலப் பிஸ்டன் ஓட்டமும் கொண்டது. அதே குடும்பத்து என்ஜினின் ஆறு சிலிண்டர் வடிவத்தைச் சுமந்து, ஏறத்தாழ 1,400 குதிரைத்திறனோடு மீட்டர் பாதைக்கு வந்ததே ஒய்.டி.எம்-4. போட்டியிட்ட ஜெனரல் மோட்டார்ஸ் வண்டியை விட்டு ஆல்கோ தேர்ந்தெடுக்கப்பட்டதில், தொழில்நுட்பத்தைக் கைமாற்றித் தர அந்நிறுவனம் இசைந்ததற்குப் பெரும் பங்குண்டு. 1964-இல் வாரணாசியின் டீசல் தொழிற்சாலையிலிருந்து இந்தியாவில் கட்டப்பட்ட முதல் டபிள்யூ.டி.எம்-2 வெளிவந்தது. ஆல்கோவோ 1969-இல் ரயில் என்ஜின் கட்டுவதையே நிறுத்திவிட்டது. இது இழப்பாகத் தோன்றினாலும், பின்விளைவுகளைப் பார்க்கும்போது பேறு என்றே சொல்லத் தோன்றுகிறது; வரைபடங்கள் கையில் இருந்தன, மூல உற்பத்தியாளர் களத்தில் இல்லை, எனவே என்ஜினைத் திறந்து உள்ளே எதை மாற்றலாம் என்று முடிவுசெய்யும் உரிமையும் பொறுப்பும் அதை ஓட்டுபவர்களிடமே வந்து சேர்ந்தன.

இந்த என்ஜினின் குறைகளை நடைமேடையில் நின்றவர்களும் கண்டிருக்கிறார்கள். ஓட்டுநர் விசையைப் படிப்படியாக உயர்த்தும்போது டீசல் உடனே கூடிவிடும். டர்பைன் சுழன்று வேகம் பிடித்துக் காற்றைக் கூட்டுவதற்குச் சற்று நேரமாகும். அந்த இடைவெளியில் போதிய காற்றின்றி எரியும் டீசலே ஆல்கோ வண்டிகளின் அடையாளமாகிவிட்ட கரும்புகைத் தூணாக எழுந்தது. ரயில் ஆர்வலர்கள் இன்றும் ஏக்கத்தோடு பேசும் அந்தப் புகை, பொறியாளர்களின் கணக்கில் வீணான எரிபொருள் மட்டுமே. 1973-லும் 1979-லும் கச்சா எண்ணெய் விலை ஏறிய பிறகு அக்கணக்கு நிதியமைச்சகம் வரை எட்டும் கணக்காயிற்று. லக்னோவில் உள்ள ஆர்.டி.எஸ்.ஓ. என்னும் ரயில்வே ஆய்வு, வடிவமைப்பு, தர நிர்ணய அமைப்பு 1980-களில் என்ஜின்களைச் சோதனை மேடையில் ஏற்றி ஆராய்ந்து உருவாக்கிய மாற்றங்களின் தொகுப்பு, எரிபொருள் சிக்கனத் தொகுப்பு என்றே பெயர் பெற்றது. திறனைக் கூட்டுவது அதன் முதல் நோக்கமாக இருக்கவில்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

அத்தொகுப்பின் உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒரே வார்ப்பான அலுமினியப் பிஸ்டனுக்கு மாற்றாக, எஃகுத் தலையை அலுமினிய உடலின்மீது போல்ட்டால் பிணைத்த இருபகுதிப் பிஸ்டன் வந்தது. வெப்பத்தையும் ரிங் பள்ளத்தின் தேய்மானத்தையும் எஃகு ஏற்றுக்கொள்ள, எடையைக் குறைவாக வைக்கும் வேலையை அலுமினியம் செய்தது. டீசலைச் செலுத்தும் பம்பின் விட்டம் 15 மில்லிமீட்டரிலிருந்து 17 மில்லிமீட்டராகப் பெரிதாக்கப்பட்டதால், அதே அளவு டீசல் குறைந்த நேரத்தில், கூடுதல் அழுத்தத்தில், நுண்துளியாகச் சிதறி உள்ளே சென்றது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் மாற்றி வடிவமைக்கப்பட்டது: காற்று வரும் வால்வும் புகை வெளியேறும் வால்வும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும் இடைவெளி, கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியில் 123 பாகையாக இருந்தது 140 பாகையாக விரிந்தது. அழுத்தப்பட்ட குளிர்ந்த காற்று இந்த இடைவெளியில் எரியறையைக் கழுவிச் செல்லும்போது எஞ்சிய புகையை வெளியே தள்ளுவதோடு, பிஸ்டனின் தலையையும் வால்வுகளையும் குளிர்விக்கிறது. பியூக்கி 1920-களில் கண்டறிந்த நுட்பத்தின் நீட்சியே இது. ஆல்கோவின் பழைய டர்போவின் இடத்தில் திறன்மிகுந்த புதிய டர்போக்களும், அழுத்தத்தால் சூடேறிய காற்றை மீண்டும் குளிர்விக்கும் பெரிய ஆஃப்டர்கூலரும் அமர்ந்தன.

மாற்றத்தின் வரிசையே இதில் முதன்மையானது. கார்களைப் பொறுத்தவரை முதலில் காற்றழுத்தம் கூட்டப்படுகிறது, பிறகு ஏதேனும் உடைகிறது, அதன் பின்னரே வலுவான உள்ளுறுப்புகள் தேடப்படுகின்றன. ரயில்வேயிலோ உள்ளுறுப்புகள் முதலில் மாறின. அவை பழைய 2,600 குதிரைத்திறனிலேயே ஓடி, குறைந்த டீசலும் குறைந்த வெப்பமும் போதும் என்று காட்டின. அவ்வாறு உள்ளே மிச்சப்பட்ட தாங்குதிறனே 1994-இல் 3,100 குதிரைத்திறனாக வெளியே எடுக்கப்பட்டது. முதலில் டபிள்யூ.டி.எம்-2சி என்றும் பின்னர் டபிள்யூ.டி.எம்-3ஏ என்றும் பெயர் பெற்ற அந்த வண்டியின் சிலிண்டர்கள் எண்ணிக்கையிலோ அளவிலோ மாறவில்லை. அதன் வழிவந்த டபிள்யூ.டி.எம்-3டி 3,300 குதிரைத்திறன் வரை சென்றது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழைய வண்டிகளை என்ன செய்வது என்பது தனிக் கேள்வி. ஓடும் நிலையிலுள்ள ஒரு என்ஜினைத் திறன் உயர்வுக்காக மட்டும் பிரிப்பது பொருளற்ற செலவு. இதற்கு விடையாக அமைந்தது பஞ்சாபின் பாட்டியாலாவில் 1981-இல் அடிக்கல் நாட்டப்பட்ட தொழிற்சாலை. ஒரு டீசல் வண்டியின் ஆயுள் 36 ஆண்டுகள் எனக் கணக்கிடப்பட்டதால், 18-ஆம் ஆண்டில் அது அங்கே கொண்டுசெல்லப்பட்டு முழுவதும் பிரிக்கப்பட்டது. தேய்ந்த பிஸ்டனை எப்படியும் தூக்கி எறிய வேண்டிய அந்த நேரத்தில், பழைய வகைக்கே புதியதை வாங்குவதா, எஃகுத் தலைப் பிஸ்டனை வாங்குவதா என்பதே எஞ்சிய கேள்வி. இரண்டிற்கும் இடையிலான விலை வேறுபாடு மட்டுமே மேம்பாட்டின் செலவு. பிரிப்பதற்கும் பூட்டுவதற்குமான கூலி ஏற்கெனவே கணக்கில் ஏறிவிட்டது. 2,600 குதிரைத்திறனோடு உள்ளே சென்ற வண்டிகள் 3,100-ஆக வெளிவந்தது இந்தக் கணக்கினால்தான்.

சிவகாசி வழியாக ஓடிய ஒய்.டி.எம்-4-க்கு இந்தப் பேறு கிட்டவில்லை. பொன்மலை பணிமனையில் அவையும் காலமுறைப்படி பிரித்துப் பூட்டப்பட்டவையே. என்ஜினும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆயினும் அகலப்பாதையில் நடந்தது போன்ற பெருமளவுத் திறன் உயர்வு மீட்டர் பாதையில் நடக்கவில்லை. அதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம். முதலாவது எடை: மீட்டர் பாதையின் தண்டவாளம் ஓர் அச்சுக்கு ஏறத்தாழ 12 டன் வரையே தாங்குவதால், ஆறு அச்சுகள் கொண்ட ஒய்.டி.எம்-4 72 டன்னோடு நின்றுவிட்டது, டபிள்யூ.டி.எம்-2-வோ 112 டன்னுக்கும் மேற்பட்டது. நின்ற இடத்திலிருந்து சரக்கு வண்டியை நகர்த்தும் ஆற்றல், சக்கரம் வழுக்காமல் தண்டவாளத்தைப் பற்றும் பிடியைப் பொறுத்தது, பிடியோ எடையைப் பொறுத்தது. எடை கூடாமல் குதிரைத்திறன் மட்டும் கூடினால் ஓட்டத்தின் வேகம் உயருமே தவிர இழுக்கும் பாரம் உயராது, அந்த வேகத்துக்கும் கிளைப்பாதையில் இடமில்லை. இரண்டாவது காரணம் 1992-இல் தொடங்கிய ஒரே அகலத் திட்டம். நாடெங்கும் மீட்டர் பாதையை அகலப்பாதையாக மாற்றுவது என்று முடிவான பிறகு, ஓடப்போகும் பாதையே இன்னும் சில ஆண்டுகளுக்குத்தான் என்றிருந்த என்ஜினுக்குள் புதுப் பிஸ்டன் போடுவதில் பொருளில்லை. உள்ளுறுப்புகளை மாற்றாமல் விட்டதும் ஆராய்ந்தெடுத்த முடிவே என்பதை, மேம்பாட்டின் வரலாற்றை மட்டும் எழுதுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். 2000-களின் தொடக்கத்தில் விருதுநகர்–தென்காசிப் பாதை அகலமானதும், அதில் சென்னை–செங்கோட்டை பொதிகை எக்ஸ்பிரஸ் உள்ளிட்ட வண்டிகளை இழுக்க வந்தவை உள்ளே வலுவூட்டப்பட்ட ஆல்கோ என்ஜின்கள்.

சாலையில் இந்தக் கேள்வி எழவே இல்லை என்று சொல்லலாம். சிவகாசிச் சரக்கைச் சுமக்கும் லாரிகளுக்கு டர்போ வந்ததே பெரும்பாலும் புகைக் கட்டுப்பாட்டு விதிகளால். அவ்விதிகள் நாடு தழுவி இறுக, எண்ணூரின் அசோக் லேலண்டு போன்ற நிறுவனங்கள் டர்போவையும் அதைத் தாங்கும் பிஸ்டனையும் ஒருசேர ஆலையிலேயே பொருத்தி விற்றன. உரிமையாளர் முடிவுசெய்வதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

ரயிலிலும் அந்த உரிமை நெடுநாள் நீடிக்கவில்லை. 1995-இல் ஜெனரல் மோட்டார்ஸோடு செய்த ஒப்பந்தத்தின் வழியே 4,000 குதிரைத்திறன் வண்டிகள் வந்தன. அவற்றின் இருவீச்சு என்ஜினில், புகையின் விசை போதாத குறைந்த வேகத்தில் பல்சக்கரத்தாலும் உயர்ந்த வேகத்தில் புகையாலும் சுழலும் டர்போ, பழைய இருவகைகளையும் ஒரே கருவிக்குள் சேர்த்திருந்தது. ஆல்கோவின் கரும்புகை அதில் இல்லை. பின்னர் மின்மயமாக்கல் விரைவுபட்டபோது, 18-ஆம் ஆண்டின் கேள்வி முற்றிலும் வேறு வடிவில் திரும்பி வந்தது. 2018-இல் வாரணாசித் தொழிற்சாலை, ஆல்கோ என்ஜின் கொண்ட இரண்டு டபிள்யூ.டி.ஜி-3ஏ சரக்கு வண்டிகளை எடுத்து, பிஸ்டனை மாற்றுவதா வேண்டாமா என்று பாராமல் என்ஜினையே டர்போவோடு வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மின்மாற்றியைப் பொருத்தி, இரண்டும் சேர்ந்து 10,000 குதிரைத்திறன் தரும் மின்சார இணை வண்டியாக ஆக்கியது. அவ்வகை மாற்றம் பெருமளவில் தொடரப்படவில்லை. விருதுநகர்–தென்காசிப் பாதையும் 2020-களின் முற்பகுதியில் மின்மயமாயிற்று.